ஒலிவாங்கியின் முன் ஓர் இருக்கை: சமுதாய வானொலியும் மாற்றுத்திறனாளிப் பெண்களும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், தக்காணத்தின் வறண்ட வட்டாரம் ஒன்றில் அமைந்த ஊரகக் கிளையில் நாம் பணியாற்றி வந்தோம். ஒருநாள் முற்பகலில், முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் தம் தம்பியின் தோளைப் பற்றியபடி கிளைக்குள் வந்தார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நாம் வழக்கம்போலத் தம்பியின் முகத்தைப் பார்த்து, “அக்காவுக்கு என்ன வேண்டும், தம்பி?” என்று வினவினோம். தம்பி வாய் திறக்குமுன், “கணக்கு என் பெயரில் இருக்கிறது, சார். என்னிடமே கேளுங்கள்” என்று தெலுங்கில் அமைதியாகச் சொன்னார் அப்பெண்மணி.

அவர் கேட்டது காசோலைப் புத்தகம். இரண்டு எருமைகளை வளர்த்துப் பால் விற்று வருபவர் அவர். தீவனக் கடைக்கு மாதந்தோறும் செலுத்த வேண்டிய தொகையை இன்னொருவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்ப அவருக்கு விருப்பமில்லை. பார்வையற்றோருக்குக் காசோலை வழங்கும் வழக்கம் இல்லையே என்று அருகிலிருந்த சக அலுவலர் தயங்கினார். “பார்வை இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதாமே, சார். எங்கள் ஊர் வானொலியில் சொன்னார்கள்” என்றார் அவர். கோப்பை எடுத்துப் பார்த்தோம். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதச் சுற்றறிக்கை அதைத் தெளிவாகவே கூறியிருந்தது. அதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நாம், அறிந்திருந்தவர் அவர்.

விண்ணப்பம் அன்றே ஏற்கப்பட்டது. புறப்படும்போது அவர், “சனிக்கிழமை மாலை வானொலியைக் கேளுங்கள், சார். மாடு வளர்ப்புப் பற்றி நான்தான் பேசுகிறேன்” என்று சொல்லிச் சென்றார். அந்த ஊர் வானொலி எத்தகையது, அது எவ்வாறு இயங்குகிறது, அதன் ஒலிவாங்கியின் முன் அவருக்கு இடம் கிடைத்தது எப்படி என்றெல்லாம் அறிய முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

கணக்கெடுப்பு காட்டும் நிலை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பெண்கள் 1.18 கோடி. மொத்தத்தில் 1.86 கோடிப் பேர், அதாவது பத்தில் ஏழு பேர், ஊரகப் பகுதிகளில் வாழ்கின்றனர். மாற்றுத்திறனாளி ஆண்களுள் எழுத்தறிவு பெற்றோர் 62 விழுக்காட்டினர்; பெண்களுள் 45 விழுக்காட்டினர் மட்டுமே. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாளும், வீடு வீடாக வழங்கப்படும் துண்டறிக்கையும், செய்தித்தாளில் வரும் விளம்பரமும் இப்பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நேரடியாகச் சென்று சேர்வதில்லை என்பதே இவ்வெண்களின் பொருள்.

நேரடியாகச் சேராத செய்தி, பிறர் வாய்வழியாகவே சேரும். ஓய்வூதியத் திட்டம் வந்திருப்பதை அண்ணன் சொல்ல வேண்டும். சான்றிதழ் முகாம் நடைபெறுவதை அண்டை வீட்டார் சொல்ல வேண்டும். வங்கியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உடன் வந்தவர் படித்துக் காட்ட வேண்டும். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றனர். எனினும் எதைச் சொல்வது, எதை விடுவது, எப்போது சொல்வது என்னும் தெரிவு அவர் கையில்தான் இருக்கிறது. அப்பெண்ணின் விருப்பமும் அவர் வாய்வழியாகவே வெளியுலகுக்கு வந்து சேர்கிறது.

இந்நிலையை உலக நாடுகள் உணராமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் அவை 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, தனது ஆறாவது உறுப்பை மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்றே ஒதுக்கியது. பெண் என்பதாலும் மாற்றுத்திறனாளி என்பதாலும் அவர்கள் பலவகைப் பாகுபாடுகளுக்கு உள்ளாகின்றனர் என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. கருத்தை வெளியிடவும் தகவலைப் பெறவும் அவர்களுக்குள்ள உரிமையை அதே உடன்படிக்கையின் 21-ஆவது உறுப்பு பேசுகிறது. இந்தியா 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் இவ்வுடன்படிக்கைக்கு ஏற்பளித்தது.

வீட்டைத் தேடி வரும் ஊடகம்

வளரும் நாடுகளில் எழுத்தறிவும் சாலை வசதியும் எட்டாத இடங்களுக்கு முதலில் சென்றது வானொலிதான். கொலம்பியாவின் மலைப்பகுதியிலுள்ள சுடாடென்சா என்னும் சிற்றூரில் 1947-ஆம் ஆண்டு பாதிரியார் ஒருவர் தொடங்கிய வானொலி, பள்ளிக்குச் செல்ல இயலாத உழவர்களுக்கு எழுத்தும் கணக்கும் வேளாண்மையும் கற்பித்தது. தெற்காசியாவில் தனித்தியங்கும் சமுதாய வானொலிகளுக்கு முன்னோடி எனப் போற்றப்படும் ரேடியோ சகர்மாதா, 1997-ஆம் ஆண்டு நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் ஒலிக்கத் தொடங்கியது.

மின்சாரம் இல்லாத ஊர்களில் மின்கலம் வாங்கும் செலவே வானொலிக்குத் தடையாக இருந்தது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவுவதையும், அது பற்றிய தகவல் மக்களைச் சென்றடையாததையும் தொலைக்காட்சியில் கண்ட இங்கிலாந்துக் கண்டுபிடிப்பாளர் டிரெவர் பேலிஸ், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலக் கையால் முறுக்கி இயக்கும் வானொலிப் பெட்டியை வடிவமைத்தார். 1990-களில் அதை உற்பத்தி செய்யும் தொழிற்சாலை தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் அமைந்தபோது, மாற்றுத்திறனாளிகள் அங்கே தொழிலாளர்களாகப் பணியமர்த்தப்பட்டனர். வானொலியைக் கேட்பவராக மட்டுமே கருதப்பட்டவர் அதை உருவாக்குபவராகவும் ஆனார் என்பதால் இவ்வரலாறு நம் பொருளுக்கு நெருக்கமானது.

மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு வானொலி ஏன் பொருந்துகிறது என்பதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்வை இல்லாதவருக்கு அது எதையும் மறைப்பதில்லை. நடக்க இயலாதவருக்கு அது வீட்டுக்குள்ளேயே வந்து சேர்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரை அது தேர்வு வைத்து விலக்குவதில்லை. கூடை முடைந்துகொண்டும், தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டும், அடுப்படியில் நின்றுகொண்டும் அதைக் கேட்கலாம். கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வானலை யாருக்குச் சொந்தம்?

நம் நாட்டில் நெடுங்காலம் வானொலி என்றால் அரசு வானொலி மட்டுமே. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று அறிவித்தது. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த வழி திறக்கப்பட்டது. அவ்வகையில் நாட்டின் முதல் நிலையமாகச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் ஒலிக்கத் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டு நவம்பரில் கொள்கை மேலும் விரிவாக்கப்பட்டு, மக்களிடையே பணியாற்றும் தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாம் என்றாயிற்று. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இயங்கிய சமுதாய வானொலி நிலையங்கள் 481.

இந்நிலையங்கள் உருவில் சிறியவை. ஒலிபரப்பின் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மிகாது. கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்குள் இருக்கும். சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும். அதாவது, ஒரு சந்தைக்கு வரும் ஊர்கள் அனைத்துக்கும் கேட்கும் எனலாம். நிகழ்ச்சிகளில் பாதியேனும் அந்தச் சமுதாயத்தின் பங்களிப்போடு, அவ்வட்டார மொழியிலோ வழக்கிலோ உருவாக்கப்பட வேண்டும். இலாப நோக்கம் கூடாது. ஆயினும் மணிக்குக் குறிப்பிட்ட நிமிடங்கள் விளம்பரம் ஏற்கலாம். 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள் அந்த அளவை மணிக்கு 12 நிமிடங்களாக உயர்த்தின. நிலையத்தின் நிகழ்ச்சிகளை நெறிப்படுத்தும் ஆலோசனைக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அந்நெறிகளில் இடம்பெற்றது.

ஒலிபரப்பு சென்றடையும் பரப்பு சிறியதாக இருப்பது குறையெனத் தோன்றலாம். உண்மையில் அதுவே இவ்வானொலியின் பலம். பேசுபவரின் ஊர், தெரு, குடும்பம் ஆகியன கேட்பவர்களுக்குத் தெரியும். நேற்று வரை “கண் தெரியாத பெண்” என்று மட்டுமே அறியப்பட்டவர், இன்று “சனிக்கிழமை மாட்டு வைத்தியம் சொல்லும் அக்கா” என்று அதே சந்தையில், அதே பேருந்து நிறுத்தத்தில் அடையாளம் காணப்படுகிறார். தொலைவிலுள்ள தலைநகரிலிருந்து ஒலிக்கும் குரலால் இந்த மாற்றத்தை எளிதில் உண்டாக்கிவிட முடியாது.

பெண்கள் நடத்தும் நிலையங்கள்

தெலங்கானாவில் ஜஹீராபாத்துக்கு அருகே இயங்கும் சங்கம் ரேடியோ, தொண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்த பின்னர் தோன்றிய நிலையங்களுக்கு வழிகாட்டியாக விளங்குவது. தக்காண வளர்ச்சிச் சங்கம் என்னும் அமைப்பில் இணைந்த தலித் பெண் உழவர்களின் குழுக்களுக்கு உரியது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், உலக ஊரகப் பெண்கள் தினத்தன்று அது முறையாகத் தொடங்கியது. வானலை பொதுச் சொத்து எனத் தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவரான பி.பி. சாவந்த் அதைத் தொடங்கிவைத்தார். நிலையத்தை இயக்கிய இளம்பெண்கள் இருவருக்கும் நரசம்மா என்பதே பெயர். சிறுதானியச் சாகுபடியும், விதைப் பாதுகாப்பும், நாட்டு வைத்தியமும், உழவுப் பாடல்களும் உழவர் பெண்களின் சொந்தப் பேச்சுவழக்கிலேயே அங்கிருந்து ஒலித்தன.

வங்கியாளர்களாகிய நம்மை மேலும் ஈர்ப்பது மகாராட்டிரத்தின் மான் தேசம். சாத்தாரா மாவட்டத்தின் மழைமறைவுப் பகுதியிலுள்ள மஸ்வட் என்னும் ஊரில், ஊரகப் பெண்களுக்கான கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்க சேத்னா காலா சின்ஹா முயன்றார். நிறுவ முன்வந்த பெண்களுள் பலர் கைநாட்டு வைப்பவர்கள் என்பதால் உரிமம் முதலில் மறுக்கப்பட்டது. அப்பெண்கள் சில மாதங்கள் எழுத்துப் பயின்று மீண்டும் சென்றனர். எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் வட்டியை மனக்கணக்காகவே சொல்கிறோம், உங்கள் அலுவலர்களும் கணிப்பான் இன்றிச் சொல்லட்டும் என்று அவர்கள் அறைகூவல் விடுத்ததை நிறுவனரே பொதுமேடையில் விவரித்திருக்கிறார். 1997-ஆம் ஆண்டு மான் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது. 2008-ஆம் ஆண்டு அதன் தோழமை அமைப்பு, 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மான் தேசி தரங் வானொலியைத் தொடங்கியது.

வங்கி நடத்திய பெண்களுக்கு வானொலி எதற்காக? சேமிப்புக் கணக்கு ஒருவருக்குப் பணத்தின் மீது உரிமை தருகிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்தத் தகவல் வேண்டும், துணிவும் வேண்டும். கடன் தவணையைப் பற்றியோ காப்பீட்டைப் பற்றியோ தன்னைப் போன்ற ஒரு பெண் தன் பேச்சுவழக்கில் விளக்குவதைக் கேட்கும்போது அவ்விரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. படிப்பின்மையைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட பெண்களுக்குப் பொருந்தும் இந்த உண்மை, உடற்குறையைக் காரணம் காட்டி ஒதுக்கப்படும் பெண்களுக்கும் அப்படியே பொருந்தும்.

அவர்களுக்காகவும், அவர்களாலும்

மாற்றுத்திறனாளிகளுக்கான வானொலி முயற்சிகளை இருவகையாகக் காணலாம். நாக்பூரில் பார்வையற்றோர் நிவாரணச் சங்கமும் சக்ஷம் என்னும் அமைப்பும் இணைந்து 2022-ஆம் ஆண்டு இணையவழியே தொடங்கிய ரேடியோ அக்ஷ் முதல் வகை. நூல்களையும் கல்விப் பகுதிகளையும் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவுசெய்து, பார்வையற்றோருக்கு ஒலி வடிவில் அளிக்கின்றனர். அத்தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பார்வையற்றோர் தாமே ஒன்றுகூடி இணையத்தில் நடத்தும் ரேடியோ உடான் இரண்டாம் வகை. நிகழ்ச்சியை வடிவமைப்பதும், நேயர்களோடு உரையாடுவதும், பாட்டுப் போட்டி நடத்துவதும் அவர்களே.

இரண்டும் தேவை. ஆனால், “அவர்களுக்காக” என்ற நிலையோடு நின்றுவிட்டால், மாற்றுத்திறனாளிப் பெண் என்றென்றும் பெறுபவராகவே இருந்துவிடுவார். ஒலிவாங்கியின் முன் அவர் அமரும்போதுதான், அவருக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு என்பதை ஊர் அறிகிறது. அவர் எப்போதும் தம் குறையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. எருமை வளர்ப்பு, சமையல், சட்டம், நாட்டுப்புறப் பாட்டு என எதைப் பற்றியும் பேசலாம். அடுத்தவரின் இரக்கத்தைக் கோராமல், தாம் அறிந்த ஒன்றைப் பிறருக்குக் கற்பிப்பவராக அவர் வருவதே இதிலுள்ள பெரிய மாற்றம்.

தொழில்நுட்பம் இதற்குத் தடையில்லை. ஒலிக்கலவைப் பலகையின் நகர்த்திகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை விரலால் தொட்டே அறியலாம். ஒவ்வொன்றின் கீழும் பிரெயில் எழுத்தில் பெயர் ஒட்டிவிட்டால் போதும். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றைச் சுட்டி இல்லாமல் விசைப்பலகையைக் கொண்டே இயக்க முடியும். நிலையத்துக்கு வர இயலாதவர், வீட்டிலிருந்தே கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து அனுப்பலாம்.

தடைகளும் உண்டு

வானொலி எல்லாரையும் சென்றடைகிறது என்று சொல்லிவிட இயலாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50 லட்சம் பேர். பார்வைக் குறையுடையோரும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர். பார்வையற்றவருக்கு முழுமையாகத் திறந்திருக்கும் கதவு, காது கேளாதவருக்கு முழுமையாக மூடியிருக்கிறது. எனவே முக்கியமான நிகழ்ச்சிகளின் சுருக்கத்தை எழுத்து வடிவில் ஊராட்சிப் பலகையில் வைப்பதும், கைப்பேசியில் பகிர்வதும், சைகை மொழி அறிந்தவரைக் கொண்டு சிறு காணொளியாக்குவதும் நிலையத்தின் கடமையாகின்றன.

பேச்சில் தடங்கல் உள்ளவர்கள் இன்னொரு சிக்கலைச் சந்திக்கின்றனர். மூளை முடக்குவாதம் உள்ள ஒருவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கக் கூடுதல் நேரம் ஆகலாம். நிகழ்ச்சி விறுவிறுப்பாக அமைய வேண்டும் என்று கருதும் தொகுப்பாளருக்கு இடைவெளிகளை வெட்டிவிடத் தோன்றும். அல்லது அவர் சொன்னதை வேறொருவர் குரலில் திருப்பிச் சொல்லிவிடத் தோன்றும். வங்கியில் நாம் தம்பியிடம் கேட்டதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அவருக்கே விட்டுவிடுவதுதான் முறை. பொறுமையோடு கேட்கும் பழக்கத்தை நேயர்களும் சில வாரங்களில் பெற்றுவிடுவர்.

மற்றவை நாம் நாள்தோறும் காணும் தடைகளே. நிலையம் மாடியில் இருக்கும். படிகள் செங்குத்தாக இருக்கும். சாய்தளம் இருந்தாலும் சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை இருக்காது. நேரலையில் பேசுமாறு அழைப்பு விடுக்கப்படும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியோ தம்பியிடம் இருக்கும். மாலை ஏழு மணி நிகழ்ச்சி முடிந்தபின் வீடு திரும்பப் பேருந்து இருக்காது. “சேவைதானே” என்று கூறி ஊதியம் தராமலே பேச வைப்பதும் உண்டு. மற்றத் தொகுப்பாளர்களுக்கு வழங்கப்படும் ஊதியமும் பயணப்படியும் இவருக்கும் வழங்கப்பட்டால்தான் அது வேலை. இல்லையேல் அது நிலையத்தின் விழாக்கால அலங்காரமாகவே எஞ்சும்.

வானொலியிலிருந்து வங்கிக்கு

ஊர் வானொலியில் எடுத்துச் சொல்லத்தக்க, நம் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தபோது சட்டம் ஏற்கும் குறைபாடுகளின் எண்ணிக்கை 21 ஆயிற்று. அதன் 13-ஆவது பிரிவு, சொத்து வைத்திருக்கவும், சொத்தை மரபுரிமையாகப் பெறவும், தம் நிதி விவகாரங்களைத் தாமே நிருவகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. உதவி செய்பவர் தகாத செல்வாக்கைச் செலுத்தக்கூடாது; உதவி பெறுபவரின் தன்னுரிமையையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஒரு பரிவர்த்தனையில் இருவர் நலன்களும் முரண்பட்டால், உதவி செய்பவர் அப்பரிவர்த்தனையிலிருந்து விலகி நிற்க வேண்டும். வறுமை ஒழிப்புத் திட்டங்களில் வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடு உடையோருக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடும், அதில் பெண்களுக்கு முன்னுரிமையும் 37-ஆவது பிரிவின்படி உண்டு.

பார்வையற்ற வாடிக்கையாளருக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, இணையவழி வங்கிச் சேவை, பாதுகாப்புப் பெட்டகம், சில்லறைக் கடன், கடன் அட்டை ஆகியவற்றைப் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2008-ஆம் ஆண்டு அறிவுறுத்தல். 2014-ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிதாக நிறுவப்படும் ஏ.டி.எம்.கள், பிரெயில் விசைகளோடு பேசும் வசதி கொண்டவையாக இருக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அடிப்படை வங்கிச் சேவைகளை அவர்தம் இல்லத்திலேயே அளிக்குமாறு 2017-ஆம் ஆண்டு நவம்பரில் வங்கிகள் அறிவுறுத்தப்பட்டன. 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ என்னும் கைப்பேசிச் செயலி, ரூபாய் நோட்டின் மதிப்பைக் குரலாலும் அதிர்வாலும் தெரிவிக்கிறது. இணைய இணைப்பு இன்றியும் அது இயங்கும். எனினும், நோட்டு நல்லதா கள்ளநோட்டா என்பதை அச்செயலி சொல்வதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சுயதொழில் தொடங்க விரும்பும் மாற்றுத்திறனாளிகளுக்காக 1997-ஆம் ஆண்டு நடுவண் அரசு தனி நிதி மேம்பாட்டுக் கழகம் ஒன்றை நிறுவியது. மாநில முகமைகள் வழியாகவும் வங்கிகள் வழியாகவும் அது சலுகை வட்டியில் கடன் அளித்து வருகிறது. விவரங்களை அருகிலுள்ள வங்கிக் கிளையிலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ கேட்டறியலாம்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் பகுதியில் சமுதாய வானொலி இருந்தால், முதலில் அதைக் கேளுங்கள். வணிகம் செய்பவராயின், அதன் விளம்பர நிமிடங்களில் ஒன்றை வாங்குங்கள். அச்சிறு தொகை அந்நிலையத்தின் மின்கட்டணத்துக்கும், தொகுப்பாளர் ஒருவரின் பயணப்படிக்கும் உதவும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவராயின், உங்கள் ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிப் பெண்ணைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்குச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் மாற்றுத்திறனாளி சகோதரியோ மகளோ இருந்தால், அவருக்கென ஒரு கைப்பேசியும், அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளைக்கு உடன் வரும்போது அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள்.

வங்கியில் பணியாற்றும் நமக்கும் கடமைகள் உண்டு. நிதிசார் கல்வி குறித்து வானொலியில் பேச அழைத்தால், நாமே அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்புவது எளிது. அதைவிட, கணக்கை நல்ல முறையில் நடத்திவரும் மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரைப் பேச வைத்து, நாம் அருகிலிருந்து ஐயங்களுக்கு விடையளிப்பது கூடுதல் பயன் தரும். வங்கியாளர் சொல்வது விதியாகக் கேட்கும். அப்பெண் சொல்வது அனுபவமாகக் கேட்கும்.

அந்தச் சனிக்கிழமை மாலை

அப்பெண்மணி சொல்லிச் சென்றதை நாம் மறக்கவில்லை. சனிக்கிழமை மாலை, வாடகை அறையில் கைப்பேசியின் எஃப்.எம். வசதியைக் கொண்டு அந்நிலையத்தைத் தேடிப் பிடித்தோம். கிளையில் கேட்ட அதே அமைதியான குரல், கறவை எருமைகளுக்கு வரும் மடிவீக்க நோயைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. கறப்பதற்கு முன் நாள்தோறும் மடியைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், பால் திரிவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள் என்று அவர் அறிவுறுத்தினார். தொலைபேசியில் அழைத்த முதியவர் ஒருவர், அவரை “அம்மா” என்று விளித்துத் தம் எருமையின் நிலையைச் சொல்லி வழி கேட்டார்.

நிகழ்ச்சியின் இறுதியில் வங்கியைப் பற்றியும் இரண்டொரு சொற்கள் சொன்னார். தாம் காசோலைப் புத்தகம் பெற்றதைக் கூறினார். கிளையின் பெயரைக் கூறவில்லை. வங்கிக்குத் துணையோடு செல்லும் பெண்கள், அலுவலர் துணைக்கு வந்தவரிடம் பேசினால் கூச்சப்படாமல், கணக்கு தம் பெயரில் இருப்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டும் என்றார். குரலில் கோபம் இல்லை. நாம் தனி அறையில் இருந்தபோதும் தலை குனிந்தது.

அதன்பின் வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு கிளைகளில் பணியாற்றிவிட்டோம். பொறுப்பேற்கும் கிளை ஒவ்வொன்றிலும், முதல் வாரத்திலேயே உடன் பணிபுரிவோரிடம் இந்நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம். சாய்தளத்துக்கு ஒப்புதல் வாங்கவும், பேசும் ஏ.டி.எம். நிறுவவும் காலம் பிடிக்கும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் முகம் நோக்கிக் கேள்வி கேட்பதற்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை. அதை அன்றே தொடங்கிவிடலாம்.